ஊசியால் குத்திப் பார்த்த விரல்கள்

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்பவன் நான். எதிரில் வருகிற யாரையும் கேலி பேசாமல் விடமாட்டேன். பல வருடங்களாக என் விரல்களில் கரப்பான், ஓயாமல் அரிக்கும் தோல் நோய். போன மழைக்காலத்தில் தோல் வெடித்து, இழை சிக்கி அறுத்ததுகூடத் தெரியவில்லை. பட்டில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. உணர்ச்சி போய்விட்டது, இது குஷ்டம்தான் என்று நானே தீர்ப்பெழுதிவிட்டேன்.

அப்புறம் என்ன, தினமும் சோதனைதான். தறி மறைவில் உட்கார்ந்து விரலை ஊசியால் குத்துவேன். "ஆ!" என்று கத்தியதும் ஒரே சந்தோஷம். வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் சந்தேகம் திரும்பிவிடும், மறுபடி குத்து.

தூக்கம் போனது. சோறு இறங்கவில்லை. கூட நெய்யும் மனைவியிடமும் பேச்சில்லை. ஒருநாள் அவள் தறியை நிறுத்திவிட்டாள்.

"இன்னாய்யா, நீ என்னைக் கிண்டல் பண்ணி எத்தினி நாளாவுது? எனக்குப் பயமா இருக்குதுய்யா. டாக்டராண்ட போலாம், கெளம்பு."

நான் தூங்காததையும் சாப்பிடாததையும் மனைவி டாக்டரிடம் சொன்னாள், குஷ்டப் பயத்தை நான் சொன்னேன். அவர் கையைப் புரட்டிப் பார்த்தார். "கரப்பான்தான். நெய்து நெய்து விரல் காய்ச்சுப்போயிருக்கு, அதான் அறுத்தது தெரியலை. குஷ்டம் இல்லை. மனசு எப்படி இருக்கு? செத்துடலாம்னு தோணுதா?"

வேடிக்கையாகப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. "ஆமாங்க" என்றேன். மனைவி என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நாள்பட்ட அரிப்பு தூக்கத்தைக் கெடுக்கும், மனசையும் கலக்கும். மனசு கலங்கினா அரிப்பும் ஏறும். ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்" என்றார் டாக்டர்.

கரப்பான் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் டாக்டர் கொடுத்த களிம்பைத் தடவ மனைவியிடம் கையை நீட்டும்போதெல்லாம், அன்றைக்கு மனசு எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நன்றாக இல்லாத நாளில், கேலி பேசி மழுப்பாமல், நன்றாக இல்லை என்றே சொல்கிறேன்.