சோன்காவின் "மாட்டேன்"

தக்காளி டப்பாத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் அழுகலைப் பொறுக்கி எறிந்தவள் சோன்கா. முப்பத்தொரு வயதில் அவள் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. தன்யூப் ஆற்றங்கரையில் ஒரு மனநோய் விடுதியில் சேர்த்தார்கள். பதினைந்து நாளுக்கு ஓர் ஊசி, இருபத்திரண்டு வருடம். குரல்கள் போய்விட்டன. பதிலுக்கு நாக்கு தானாகப் புரண்டது, வாய் எதையோ ஓயாமல் மென்றது, தலை இடவலமாக ஆடியது. பல்கேரியாவில் தலையை அப்படி ஆட்டினால் ஆமாம் என்று பொருள். இல்லை என்று சொல்ல, தலையை வெடுக்கென்று மேலே தூக்க வேண்டும்.

"என்ன சோன்கா, சூப்புல புழுவா?" என்பாள் நர்ஸ் பென்கா. தலை ஆடும். "ருசியா இருக்குதாடி?" அதற்கும் ஆடும். கூடமே சிரிக்கும்.

ஊசி செய்த வேலை இது என்று சொன்ன புது டாக்டர், பி6 வைட்டமின் எழுதிக்கொடுத்தார். "சிலருக்கு இந்த மருந்து கேக்குது. சத்தியம் பண்ண மாட்டேன்." விடுதியில் அது கிடையாது, தம்பி மில்கோ மாதாமாதம் வாங்கிவந்தான். நாலாம் மாதம் நாக்கு கொஞ்சம் அடங்கியது. அம்மா அவள் பேரில் வைத்துப்போன வீட்டைத் தனக்கு எழுதித்தரும்படி அப்போதுதான் கேட்டான். என்றைக்காவது அந்த வீட்டில் போய்ப் படுப்பேன் என்பதுதான் சோன்காவிடம் மிஞ்சியிருந்த ஒரே எண்ணம். பல வருடத்தில் முதல்முறையாக ஒரு சொல்லைத் தெளிவாகச் சொன்னாள்: "மாட்டேன்."

அதோடு மாத்திரை நின்றது. "கடையில இல்லக்கா," என்றான்.

இரண்டு மாதத்தில் நாக்கு பழையபடி புரளத் தொடங்கியது. மில்கோ நோட்டரியைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"தம்பிக்கு வீட்டை எழுதிக்கொடுக்கச் சம்மதமாம்மா?" என்று கேட்டார் நோட்டரி.

தலை ஆடியது. சோன்கா இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து நிறுத்தி, மேலே தள்ளினாள். மில்கோ பதமாக அந்தக் கைகளை விலக்கினான். "கைய எடுக்கா. ஐயா உன் முகத்தப் பாக்கணும்ல."

சாட்சிக்கு நின்ற பென்கா சொன்னாள்: "அவ தலை எப்பவும் அப்படித்தாங்க ஆடும்."

"அப்ப எப்பவும் சம்மதம்தான்," என்று நோட்டரி சிரித்தார்.

மறுப்பது மனிதனின் உரிமை என்கிறார்கள். மறுப்பதற்குத் தசை வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

சோன்கா பேனாவை வாங்காமல் முஷ்டியை இறுக்கினாள்.

"நடுங்குற கை. ரேகை போதும்," என்றார் நோட்டரி.

மில்கோ விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். கட்டைவிரல்தான் கடைசியில் பிரிந்தது. மை தடவிப் பத்திரத்தில் அழுத்தினார்கள்.

தான் எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்கா கேட்டாள்.