முதல் லாட் பேய்கள்

சென்ற சனிக்கிழமை எங்கள் வீட்டு அடுப்படியில் முப்பது பேய்களைச் சுட்டெடுத்தேன்.

பயப்படாதீர்கள். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை – இரண்டையும் நுரை நிமிர்ந்து நிற்கும்வரை அடித்து, சின்னச் சின்னக் கூம்பாகப் பிழிந்து, ஓவனில் மெல்லிய சூட்டில் காயவைக்க வேண்டும். மெரிங் என்று பெயர். கூம்புக்கு இரண்டு கண் வைத்தால் பேய்.

ஆடி மாதத்தில் எதற்குப் பேய் என்கிறீர்களா? திருப்பூருக்கு ஹாலோவீன் ஆடியிலேயே வந்துவிடும். அக்டோபரில் வெள்ளைக்காரக் குழந்தைகள் போடப்போகும் பேய் டீ-ஷர்ட்டெல்லாம் இப்போதுதான் இங்கே தயாராகிறது. அப்படி ஓர் ஆர்டருக்கு நான்தான் மெர்ச்சண்டைசர். அதாவது, சரக்கு வாங்கும் பையருக்கும் தைக்கிற ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கும் உத்தியோகம்.

அந்த பையர் ஹெலன். போன வருடம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். வந்து, ஒரு வாழைப்பழமும் இளநீரும் மட்டும் எடுத்துக்கொண்டு போனார். கோதுமையோ மைதாவோ துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாகி நாலு நாள் படுத்துவிடுவாராம். அரிசிச் சோறுதானே என்றேன். சாம்பாரில் பெருங்காயம் உண்டா என்றார். பெருங்காயத்தில் மைதா கலக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.

ஃபேக்டரியில் செக்கிங் பார்க்கும் என் வீட்டுக்காரர் அதை ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஊட்டுக்கு வந்தவிய வெறும் வயித்தோட போயிட்டாங்களே அம்முணி..." கொங்கு நாட்டில் இதைவிடப் பெரிய அவமானம் வேறென்ன இருக்கிறது?

இந்த வருடமும் வருகிறேன் என்றார் ஹெலன். விடுவேனா? இரண்டே பொருள், அதில் மைதா எந்த வழியாக நுழையும் – இப்படி யோசித்துத்தான் மெரிங். அவருடைய டீ-ஷர்ட்டில் இருக்கும் அதே பேய் வடிவம். கொஞ்சம் ஐஸ் வைத்ததாகவும் இருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் முதல் லாட். எத்தனை அழகு! ஒவ்வொன்றும் அளவெடுத்தாற்போல நிமிர்ந்து நின்றது. கண்ணுக்குக் கறுப்பு எள். எள் வைத்ததும் பேய்க்கு நம்மூர் சாயல் வந்துவிட்டது.

ஒரு பேயைத் தூக்கிப் பார்த்த வீட்டுக்காரர் அடிப்பாகத்தைத் தடவினார். "இதென்ன அம்முணி, மாவாட்டமா ஒட்டுது?"

தட்டை எட்டிப் பார்த்தேன். வீடியோவில் பட்டர் பேப்பர் போடச் சொன்னார்கள். நான்தான் பதினைந்து வருடமாகக் கேக் செய்கிற கைப்பழக்கத்தில், ஒட்டாமலிருக்கத் தட்டில் மைதாவைத் தூவியிருக்கிறேன்! நுழைய வழியே இல்லாத மைதாவுக்குக் கதவைத் திறந்துவிட்டது என் கைதான்.

"அடிய மட்டும் நல்லாத் தட்டி உட்டுட்டாப் போகுதுங்க. ஆருக்குத் தெரியப்போகுது?" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அவர் பேயைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். "சட்டையா இருந்தா ஆல்ட்டர் பண்ணலாம். வயித்த எப்படி அம்முணி ஆல்ட்டர் பண்றது?"

முப்பதையும் எடுத்துக் குப்பையில் கொட்டினார். தட்டையும் ஓவனையும் மூன்று தடவை தேய்த்துக் கழுவினார்.

ஞாயிறு காலையில் இரண்டாவது லாட். புது பட்டர் பேப்பர், புதுச் சர்க்கரை பாக்கெட். ஆனால் தூறல் பிடித்துக்கொண்டது. ஈரக்காற்றில் மெரிங் எப்படி நிமிரும்? ஒரு பேய்க்குத் தலை சாய்ந்துவிட்டது, இன்னொன்றுக்குக் கண் கன்னத்துக்கு வந்துவிட்டது. மிச்சமெல்லாம் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த மாதிரி சரிந்து கிடந்தன.

மதியம் ஹெலன் வந்தார். சோபாவில் உட்கார்ந்ததுமே கைப்பையிலிருந்து தன் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தட்டை நீட்டினேன். பேய்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். "இது எனக்கு ஒத்துக்கொள்ளுமா?"

"நோ ப்ராப்ளம் மேடம்." எங்கள் ஊர் இங்கிலீஷில் முதல் பாடமே அதுதான். பாதி சொல்லியும்விட்டேன்.

அதற்குள் வீட்டுக்காரர் தன் ஃபேக்டரி இங்கிலீஷோடு குறுக்கே வந்துவிட்டார். "மேடம், ஃபர்ஸ்ட் லாட் ஃபுல் ரிஜெக்ட். ட்ரேயில மைதா. மை வைஃப் மிஸ்டேக். திஸ் செகண்ட் லாட். நோ மைதா... பட், நோ ஷேப்."

எனக்கு அங்கேயே தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது. இருபது வருட மெர்ச்சண்டைசர் அனுபவத்தை ஒரே நிமிடத்தில் கவிழ்த்துவிட்டாரே மனிதர்!

ஹெலன் நிமிர்ந்து உட்கார்ந்தார். என்ன பேப்பர், எந்தச் சர்க்கரை, தட்டை எப்படிக் கழுவினீர்கள் – ஒவ்வொன்றாகக் கேட்டார். அவரும் ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில் பிஸ்கட் பாக்கெட் பைக்குள் திரும்பிப் போனது.

"பத்து வருடமாக இந்த ஊருக்கு வருகிறேன். ஒரு பிரச்சினை இருந்தது என்று யாரும் என்னிடம் சொன்னதே இல்லை" என்றபடி, தலை சாய்ந்த பேயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

நாலு பேய் சாப்பிட்டார். எண்ணியது நானில்லை, வீட்டுக்காரர். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. எனக்கும் கண் கலங்கித்தான் போனது.

ஐந்தாவதை எடுத்தவர் என் பக்கம் திரும்பினார். "சரி, டீ-ஷர்ட்டில் ஏதாவது பிரச்சினை உண்டா?"

வழக்கமான 'நோ ப்ராப்ளம்' என்னிடம் தயாராக இருந்தது. வீட்டுக்காரர் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துவைத்தால் பிரிண்ட் வெடிக்கிறது மேடம். திரும்ப அடிக்கிறோம். ஒரு வாரம் லேட்டாகும்" என்றேன்.

ஹெலனின் முகம் சுருங்கிவிட்டது. பேய்த் தட்டை மட்டும் அவர் விடவில்லை.