கப்பல் மலையேறிய சனிக்கிழமை

போன வருடம் ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை. கண்டிக்கு வடக்கே மடவளையில், வீட்டில் மாமியும் நானும் மட்டும்தான். மாமியின் மகன், அதாவது என் கணவர், சரக்குக் கப்பலில் அதிகாரி. ஆறு மாதம் மத்தியதரைக் கடலில் ஓடிவிட்டு, அந்த வாரம் கொழும்பு நோக்கி வந்துகொண்டிருந்தார்.

நான் கணக்கு டீச்சர். அதனால் எங்களுக்குள் ஒரு விளையாட்டு. நடுப்பகலில் சூரியன் உச்சிக்கு வரும்போது எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது, அப்போது மணி என்ன என்று அவர் அளந்து அனுப்புவார். உயரத்தை வைத்து வடக்குத் தெற்கையும், மணியை வைத்துக் கிழக்கு மேற்கையும் கணக்கிட்டு, அலுமாரிக் கதவில் ஒட்டிய உலகப்படத்தில் நான் புள்ளி வைப்பேன். ஒரு நாளும் கணக்குப் பிழைத்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்த வாரம் நான்கு நாளாகச் செய்தியே இல்லை. அவர் வரும் வழிக் கடலில் கப்பல்களைச் சிறைப்பிடிக்கிறார்கள் என்று டிவியில் வேறு சொல்லிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரே ஒரு வரி வந்தது: “ஜிபிஎஸ் குழம்பீக்கி. நேத்து உச்சியில 79 பாகை, நம்ம மணிக்கு 1.30.” இடம் காட்டும் கருவி குழம்பியிருக்கிறதாம். உடனே அழைத்தேன், லைன் கிடைக்கவில்லை.

அவசரமாகக் கணக்குப் போட்டேன். தொண்ணூறில் எழுபத்தொன்பது போக மீதி பதினொன்று. ஜூனில் சூரியன் நிற்கும் வடக்கு இருபத்துமூன்று பாகையுடன் கூட்டினால் வடக்கு முப்பத்துநான்கு; மணியை வைத்துப் பார்த்தால் கிழக்கு அறுபது. புள்ளி வைக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. அந்த இடத்தில் கடலே இல்லை. ஈரானின் வறண்ட மலைகள்! மூன்று தரம் போட்டேன். அதே முப்பத்துநான்கு.

அளவில் பிழை விடுகிற ஆள் இல்லை அவர். அப்படியென்றால் இதை அனுப்பியது யார்? அவருடைய போன் யார் கையில் இருக்கிறது?

“மகன் என்ன சொல்றார் மகள்?” என்று குசினியிலிருந்து மாமி கேட்டார்.

“நல்லா ஈக்கிறாராம் மாமி” என்று பொய் சொன்னேன்.

அழுகையை மறைக்க, துவைத்த உடுப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். லுஹர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் உச்சிநேரம். கொடி கட்டிய கம்பின் நிழல் ஒரு முழத்துக்குத் தெற்கே, கண்டிப் பக்கமாக விழுந்திருந்தது. நிழல் தெற்கே என்றால் சூரியன் எங்களுக்கு வடக்கே!

இவ்வளவு நாளும் அவர் இருந்த இடத்தில் சூரியன் தெற்கேதான் நின்றது. கூட்டியே பழகிவிட்டேன். நம்ம பக்கம் இறங்கி வந்தால் அது தலைக்கு வடக்கே போய்விடும், அப்போது கழிக்க வேண்டும் என்று இந்த மண்டைக்கு உறைக்கவே இல்லை. இருபத்துமூன்றில் பதினொன்று போனால் பன்னிரண்டு. ஈரக் கையோடு ஓடிப்போய் விரலை வைத்தேன். அரபிக் கடலின் நடுவே, கொழும்புக்கு வரும் வழியில், இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தார்.

மாமியைக் கட்டிப்பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். “அல்லாஹ்வே! என்ட மகனக் கப்பலோட மலையில ஏத்திட்டீங்களா புள்ள?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

வியாழக்கிழமை அவர் வாசலில் பையை இறக்கிவைத்ததும், “புள்ளி சரியா விழுந்திச்சா டீச்சர்?” என்றுதான் முதலில் கேட்டார். மாமி எனக்கு முன் பதில் சொல்லிவிட்டார்.

எத்தனையோ பிள்ளைகளின் கணக்குக் கொப்பியில் யோசிக்காமல் ‘பிழை’ என்று சிவப்புக் கோடு போட்டவள் நான். என் விடையே பிழை என்று தெரிந்து, வாய்விட்டு அல்ஹம்துலில்லாஹ் சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான்.