குப்பிக்கு ஒரு பெயர்

இந்த ஊரில் ஒரு காப்பி வாங்கினால்கூடப் பெயர் கேட்கிறார்கள். கோப்பையில் எழுதிக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுகிறார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு, பெயர் கேட்டாலே நாக்கு உள்ளே போய்விடும். கணவர் பெயரை நான் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் பக்கம் என் வயதுப் பெண்கள் சொல்வதில்லை. மகன் பிறந்த பிறகு ‘சேகர் அப்பா’ என்பதே போதுமாக இருந்தது.

சேகர் கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா வந்து, வீடு வாங்கி, எங்களை அழைத்துக்கொண்டான். பகலில் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. இவர் பேசினால்தான் எனக்குத் தமிழ் கேட்கும். வந்த பிறகுதான் இவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை செய்தார்கள். அடங்கிவிட்டது என்றிருந்தபோது இடுப்பெலும்பில் போய் உட்கார்ந்துகொண்டது.

டாக்டரம்மா சொன்னதைச் சேகர் தமிழில் சொன்னான். உடம்பின் எல்லாச் செல்லிலும் ஒரே ஜீன்கள்தானாம். எது வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது என்பதில்தான் வித்தியாசமாம். இந்த நோயில், வளர்ச்சியை அடக்குகிறவை ஓய்ந்துவிடும்; வளர்க்கிறவை ஓயாது. பிறகு, இடம்விட்டு நகரவைக்கிறவையும் விழித்துக்கொள்ளும்.

இவர் ஊரில் வாய்க்கால் மடைகளைத் திறந்து அடைத்து வயல்களுக்குத் தண்ணீர் விட்டவர். “அடைக்க வேண்டிய மடை தொறந்து கெடக்கு, தொறக்க வேண்டியது அடைச்சுக் கெடக்கு. அதானேடா?”

“அதேதாம்பா.”

“ஊரு மடையெல்லாம் பாத்தவன், சொந்த மடையக் கோட்டை விட்டுட்டேன்” என்று சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

எலும்பிலிருந்து துளி எடுத்து, எந்த ஜீன்கள் விழித்திருக்கின்றன என்று பார்த்துத்தான் அடுத்த மருந்தாம். எடுத்து முடித்தார்கள். சேகர் காரைக் கொண்டுவரப் போயிருந்தான். இவர் மயக்க மருந்தில் கண் சொக்கிக் கிடந்தார். பெயர் போட்ட கைப்பட்டையை ஊசி குத்துவதற்காக வெட்டியிருந்தார்கள். நர்ஸ் குப்பியோடு என்னிடம் வந்து, “நேம்?” என்றாள்.

“ஹஸ்பெண்ட்” என்றேன். சிரித்துக்கொண்டே மறுபடி கேட்டாள்.

“சேகர் அப்பா.”

கம்ப்யூட்டரில் தேடினாள். அப்படி யாருமில்லை. “நோ நேம், நோ டெஸ்ட்” என்று நிதானமாகச் சொல்லிவிட்டுக் குப்பியை ஓரமாக வைத்தாள். சொல்லாவிட்டால் மறுபடி அந்த எலும்பில் ஊசியை இறக்குவார்கள். தலையைக் குனிந்துகொண்டு பெயரைச் சொன்னேன். அவள் காதில் விழவில்லை. உரக்கச் சொன்னேன்.

இவர் கண்ணைத் திறந்தார். “யாரு கூப்புட்டது?”

“நான்தாங்க.”

“நீயா? இன்னொரு தரம் சொல்லேன், கேப்போம்.”

“சும்மா கெடங்க.”

ஊரில் இதைப் படிப்பவர்கள் சிரிப்பீர்கள். இங்கேயும் அந்தப் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை.

டெஸ்ட்டின் பதில் இன்னும் வரவில்லை. குறுவை நடவுக்கு ஊருக்குப் போய்விடலாம் என்று தினமும் சொல்கிறார். நேற்று ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் அவருக்குக் காப்பி வாங்கப் போனேன். பெயர் கேட்டார்கள். அவர் பெயரைச் சொன்னேன். கடைப்பெண் அதை உடைத்து உடைத்து உரக்கக் கூப்பிட்டாள். நான் எழுந்துபோய் வாங்கிக்கொண்டேன். கோப்பையில் அவர் பெயர் இருந்தது, எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில்.