வாங்க என்று ஒரு வார்த்தை

வீட்டுக்கு வந்தவரை “வாங்க” என்று கேட்காமல் விடுவது எங்கள் பக்கத்தில் சாதாரணத் தப்பில்லை. பந்தியில் கறி குறைந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். வாசலில் வந்து நிற்பவரைப் பார்த்து அந்த ஒரு வார்த்தை வராமல் போனால், அவர் அப்படியே திரும்பிப் போய்விடுவார். அவரை யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள்.

வண்டியூர்ப் பக்கம் நாங்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று என் அண்ணனுக்கு இதுதான் நடந்தது. எழுமலையிலிருந்து இருட்டோடு கிளம்பி, குத்துவிளக்கும் பழத்தட்டுகளுமாக மதினியோடு வந்து இறங்கினார். வாசலில் வரவேற்க நின்றவர் என் வீட்டுக்காரர். அந்த நேரம் பார்த்து அவருக்கு ஆபீஸிலிருந்து போன். கண் அண்ணனைப் பார்க்கிறது, வாய் மட்டும் “சரி சார், சரி சார்” என்று போனில் இருக்கிறது. அண்ணன் தட்டுகளை உள்ளே கொண்டுவந்து வைத்தார். ஒரு வாய் பால்கூடக் குடிக்காமல் வண்டியேறிவிட்டார். அடுப்படியில் நின்ற எனக்கு விஷயம் தெரியும்போது வண்டி தெருமுனை தாண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நான் போன் போட்டால் மதினிதான் எடுப்பார். பக்கத்தில் அண்ணன் இருமுவது கேட்கும், பேச மாட்டார். என் வீட்டுக்காரரோ, “நான் என்ன வேணும்னா செஞ்சேன்? போன்லதான இருந்தேன்” என்பார். “அத என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது, எங்க அண்ணன்ட்டப் போய்ச் சொல்லுங்க” என்றால் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

இரண்டு பேரும் முறுக்கிக்கொண்டு நின்றதில் மாட்டிக்கொண்டது என் மகள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். மாமன் வராததால் பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகும் அவள் மூளிக்காதோடு திரிந்தாள். கூடப் படிக்கும் பிள்ளைகள் கேலி செய்திருப்பார்கள்போல. என் கம்மலை எடுத்துக் காதில் வைத்து அழுத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு ஆம்பளைகள் மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

நான் தையல் சொல்லிக்கொடுப்பவள். முன்னறையில் நாலைந்து பேர் வந்து பழகினார்கள், அதற்கு மேல் ஆள் சேரவில்லை. டவுனுக்குள் ஜாக்கெட்டுக்கு ஆரி எம்பிராய்டரி வேலை செய்யும் என் சிநேகிதி, பாய் வீட்டுப் பெண், அவள்தான் செல்போனில் லைவ் போடச் சொன்னாள். திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஏழெட்டுப் பேர் முகம் காட்டிப் பேசலாம். மற்றவர்கள் வெளியே இருந்து பார்க்கலாம், எழுதலாம், கட்டம் காலியானால் உள்ளே வரலாம்.

முதல் ஞாயிறு மதியம் நான் மட்டும் தனியாக நின்று முக்கால் மணி நேரம் பேசினேன். பார்த்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் பக்கத்து அறையில் படுத்திருந்த என் வீட்டுக்காரர்.

“நீயே பேசிக்கிட்டிருந்தா எவ உக்காருவா? அவங்களை உள்ள கூப்பிடு, பேச விடு” என்றாள் சிநேகிதி. அடுத்த முறை அவள் லைவில் என்னையும் ஒரு கட்டத்தில் உட்காரவைத்தாள். அவளைப் பார்க்க வந்தவர்களில் கொஞ்சம் பேர் என் பக்கமும் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அங்கேதான் என் வளர்ப்பு என்னைப் பிடித்து இழுத்தது. யாராவது உள்ளே வந்தால் திரையில் பேர் ஓடும். பேரைப் பார்த்துவிட்டு எப்படிக் கேட்காமல் இருப்பது? கழுத்து வரைய சாக்பீஸை எடுப்பேன், ஒரு பேர் வரும். “வாங்கக்கா.” டேப்பை எடுப்பேன், இன்னொரு பேர். “வாம்மா, சாப்ட்டியா?”

சிநேகிதி தலையில் அடித்துக்கொண்டாள். “பேரு வாசிக்கவா லைவ் போடுற? அப்புறம் ஜாக்கெட்ட எப்ப வெட்டுவ?”

அவள் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. ஒரு ஞாயிறு பல்லைக் கடித்துக்கொண்டு யாரையும் வாங்க என்று கேட்காமல் நேராகக் கைக்குழி வெட்டப் போனேன். சோழவந்தானிலிருந்து வாரம் தவறாமல் வரும் ஒரு அம்மா எழுதினார்: “வந்து இம்புட்டு நேரமாச்சு, ஒரு வாங்க இல்ல. போறேன்.” போயேவிட்டார். அவர் பின்னாலேயே இன்னும் பத்துப் பேர். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். சிரிப்போடு அண்ணன் ஞாபகமும் வந்தது.

மறுவாரத்திலிருந்து முதல் கால் மணி நேரத்தை வாங்க சொல்வதற்கென்றே ஒதுக்கிவிட்டேன். பிறகு நான் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. புதிதாக ஒரு முகம் வந்தால் மற்றக் கட்டங்களில் இருக்கும் எல்லோரும் சேர்ந்து “வாங்க வாங்க” என்றார்கள். அதற்காகவே ஆள் வந்தது. ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவர்கள்கூட வந்து உட்கார்ந்தார்கள். துபாயிலிருந்து ஒரு பெண், “இங்க என்னைய வான்னு கேக்க யாருக்கா இருக்கா” என்றாள். என் முன்னறையில் நாலு பேர் இருந்த இடம் போய், ஞாயிறு மதியம் என்றால் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாண மண்டபமே இருந்தது. “நீ வாங்க வாங்கன்னே ஊரக் கூட்டிட்ட” என்று சிநேகிதி ஒப்புக்கொண்டாள்.

மதினியும் வாராவாரம் வந்துவிடுவார். முகம் காட்ட மாட்டார். “வாங்க மதினி” என்றால் ஒரு கும்பிடு பொம்மை மட்டும் போடுவார். ஒரு ஞாயிறு, தான் தைத்த ஜாக்கெட்டின் கை தூக்கிக்கொண்டு நிற்கிறதென்று காட்டுவதற்காக முதல்முறை கட்டத்துக்குள் வந்தார். எழுமலை வீட்டுக் கூடம், எங்கள் பட்டாசாலை, தெரிந்தது. மதினிக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து அண்ணன் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார்.

நான் டேப்பை எடுத்துச் சுருட்டினேன். ஆனால் கட்டங்களில் இருந்தவர்களுக்கு என்ன தெரியும்? ஒரு ஆள் தெரிந்ததும் வழக்கப்படி ஆரம்பித்துவிட்டார்கள். “வாங்கண்ணே!” “வாங்கண்ணே, சௌக்கியமா?” கீழே வரிசையாக வாங்க, வாங்க, வாங்க என்று எழுத்து ஓடியது. அண்ணன் கடலையைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தார்.

அந்த நேரம் என் வீட்டுக்காரர் எனக்கு டீ கொண்டுவந்தார். திரையைப் பார்த்தார். டம்ளரோடு அப்படியே நின்றார். ஊரே வாங்க என்று கேட்டுவிட்டது, அவர் ஒருவர்தான் பாக்கி. நான் அவரையும் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. கையிலிருந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொண்டையைச் செருமிவிட்டு, “வாங்க மச்சான்” என்றார்.

அண்ணன் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. “அண்ணே, மியூட்டுல இருக்கீங்க! மியூட்டு, மியூட்டு!” என்று மற்றக் கட்டங்கள் எல்லாம் கத்தின. மதினி பாய்ந்து திரையைக் குத்தினார்.

“... வாரேன் மாப்ள” என்று அண்ணன் குரல் கேட்டது. கையிலிருந்த கடலையைக் கட்டிலில் வைத்தார். “பிள்ளைக்குக் காது குத்தியாச்சா?”

“நீங்க வராம எப்படிக் குத்துறது?” என்றார் இவர்.

மாமன் பேரைக் கேட்டு உள்ளிருந்து ஓடிவந்த என் மகள், யாரும் சொல்லாமலேயே தலையைச் சாய்த்துக் காதைக் கேமராவில் ஒட்டவைத்தாள். எங்கள் கட்டம் முழுக்க ஒரு மூளிக்காது மட்டும் தெரிந்தது. அத்தனை பேரும் அந்தக் காதைப் பார்த்தார்கள்.

அண்ணன் மடியிலிருந்த கடலைத்தொலியைத் தட்டிவிட்டார்.

“மடி சும்மாத்தேன் கெடக்கு, நாளப் பாருங்க.”