கொழுந்தனாரின் பீப்பாய்

வழியில் கிடக்கும் சுள்ளியைக் காதருகே கொண்டுபோய் ஒடித்துப் பார்ப்பார். சடக்கென்று முறிந்தால் பைக்குள் போகும். சத்தமில்லாமல் வளைந்தால், "இது இன்னும் பச்சைப்புள்ள" என்று தெருவிலேயே விட்டுவிடுவார். என் கொழுந்தனார் கடைக்குப் போய்வரும் லட்சணம் இது. வாங்கப் போன உப்பு வராது, சுள்ளி வந்துவிடும்.

எங்கள் வீட்டில் காய்ந்த பொருளுக்கு ஆயுசு குறைவு. துடைப்பத்தின் பிடி, பிரம்புக் கூடை, என் கணவர் முதுகு சொறிய வைத்திருந்த குச்சி எல்லாமே பின்முற்றத்துப் பீப்பாய்க்குப் போய்ச் சேர்ந்தன. கேட்டால், "குச்சியா? அது எண்ணெயா மறுபிறவி எடுத்தாச்சு அண்ணி" என்று சீசாவைத் தூக்கிக் காட்டுவார். கறுப்பாக, பிசுபிசுவென்று, மூக்கைத் துளைக்கும் நெடியோடு அடியில் கொஞ்சம் கிடக்கும். என் கணவர் அதைப் பார்த்தபடியே சுவரில் முதுகைத் தேய்த்துக்கொள்வார்.

விருந்துக்குப் போன வீட்டிலும் நாற்காலிக் கையை நகத்தால் சுண்டிப் பார்ப்பார். இப்போதெல்லாம் இவருக்கென்று பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போடுகிறார்கள்.

வித்தை என்னவோ சுலபம்தான். சருகும் மரச்சீவலும் தண்டுமாக அடைத்து, காற்றுப் புகாமல் பீப்பாயை மூடி, அடியில் விறகு எரிப்பார். உள்ளே இருப்பது எரியாது, வெந்து ஆவி கக்கும். ஆவி குழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் போய்க் குளிர்ந்தால் எண்ணெய். குளிராமல் முரண்டு பிடிப்பது வாயு. அதைத்தான் அடுப்புக்கு இழுத்திருக்கிறார். "சும்மா எரிச்சா சாம்பல்தான் அண்ணி. மூச்சை அடைச்சு வேகவெச்சாத்தான் உள்ள இருக்கிற சரக்கு வெளிய வரும்."

ஓரகத்தி, அதாவது அவர் மனைவி, வீடுகளுக்குத் துணி துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுக்கிறாள். புகை நெடி ஏறிய சட்டையை ஒருவர் திருப்பிக் கொண்டுவந்து அவள் மூக்கருகே நீட்டிய அன்று, பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிவிட்டாள்.

"அந்த வாயுவுல ஒரு பாத்திரம் டீ கொதிக்கணும். கொதிச்சா துணிய நான் மாடியில காயப்போட்டுக்கறேன். கொதிக்கலையா, பீப்பாய் எடைக்குப் போகட்டும்."

இரும்புக்காரர் வந்தார். அதற்கு முன் விடாமல் மழை. உள்ளே போட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் காதருகே ஒடித்துப் பார்த்த மனிதர், அடியில் எரிக்கும் விறகை மட்டும் பார்க்க மறந்துவிட்டார். டீப் பாத்திரத்தின் ஓரத்தில் குமிழ் கட்டும் நேரத்தில் விறகு நுரை தள்ளிப் புகைந்தது. அடுப்பில் சுடர் தலை குனிந்தது.

"என்னங்க, உங்க வாயுவுக்குத் தூக்கம் வருது போல?" என்றாள் ஓரகத்தி. இரும்புக்காரர் தராசுக் கொக்கியைத் துடைக்க ஆரம்பித்தார்.

கொழுந்தனாரின் கண் முற்றத்தைச் சுற்றியது. ஜன்னல் வழியே உள்ளே போய், நான் சாமி கும்பிட உட்காரும் பலகையில் நின்றது.

"அண்ணி..." என்று இழுத்தார்.

"எடுத்துக்கோங்க தம்பி. நான் தரையில உட்கார்ந்து கும்பிட்டாலும் சாமிக்குக் காது கேக்கும்" என்றேன்.

சுடர் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவரோ பலகையைக் காதில் வைத்துத் தட்டிப் பார்க்கிறார்!

"ஐயோ, சீக்கிரம் போடுங்களேன்!" என்று கத்தியது யார் என்கிறீர்கள்? ஓரகத்திதான்.

பலகை பிளந்து அடியில் போனது. டீ கொதிக்க வேண்டுமென்று சாமியை நான் தொந்தரவு செய்தது அன்று மட்டும்தான். எங்களை நன்றாகத் தவிக்க விட்டபிறகு சுடர் நிமிர்ந்தது. டீ தளதளவென்று கொதித்தது.

ஓரகத்தி முதல் டம்ளரை இரும்புக்காரரிடம் நீட்டினாள். "குடிச்சிட்டுப் போயிட்டு வாங்கண்ணே. இங்க எடைக்கு ஒண்ணுமில்ல."

அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, கண்ணை மூடி ஊதிக் குடித்தார். நன்றாக முற்றிக் காய்ந்த கோல். கொழுந்தனார் மெல்ல நகர்ந்து அதைக் கையில் எடுத்தார். அப்படியே காதருகே கொண்டுபோனார்.