வள்ளியின் வலது கை

இளையவளின் கல்யாணச் சீருக்குப் பலகாரம் சுட்ட அன்று, காலை பத்தே முக்காலுக்கு என் மூத்த மகள் வள்ளியின் வலது கையில் எண்ணெய் தெறித்தது. மார்பகப் புற்றுநோய்க்காகப் போன வருடம் அவளுக்கு வலது அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தார்கள். அந்தக் கையில் சின்னக் காயம் பட்டாலும் வீங்கிவிடலாம், கவனம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சீர்த் தேன்குழல் ஒரே அளவாக இருக்க, தொடங்கியவரே பிழிந்து முடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். "கை மாறினா அளவு மாறிரும் ஆத்தா, முடிச்சுப்புடு" என்றேன். கொப்புளத்தில் மஞ்சளைத் தடவிக்கொண்டு மாலைவரை பிழிந்தாள்.

மறுநாள் காலை கை முழங்கைவரை சிவந்து வீங்கியிருந்தது. காய்ச்சல் கொதித்தது. காரைக்குடி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "கிருமி உள்ள போயிருச்சு. விட்டிருந்தா வீக்கம் நிரந்தரமா நின்னிருக்கும்" என்று சொல்லி உடனே மருந்து ஏற்றினார்கள். கை வீக்கம் மெல்ல வடிந்தது.

இப்போது கையுறை இல்லாமல் அவளை அடுப்பருகே விடுவதில்லை. சிறு கீறலையும் உடனே சோப்புப் போட்டுக் கழுவுகிறோம். சிவந்தால் அன்றே டாக்டரிடம் போவோம். கல்யாணமே நடந்தாலும் போவோம்.

மிச்சப் பலகாரத்தைச் சுட, கொத்தமங்கலத்திலிருந்து என் நாத்தனார் வந்தார். வள்ளியின் கையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் மதினி, சம்பந்தி வீட்டுல தேன்குழலுக்கு அளவுநாடா வச்சா பாக்கப் போறாக?"